பென்சில் மட்டும்

வாசிப்பறை விதிகள் மூன்று.
பேனா கூடாது. தண்ணீர் கூடாது.
ஒரு நேரத்தில் ஒரு பெட்டிக்கு மேல் கூடாது.
ஜெனீவாவின் இந்த நிலவறையில்
பத்தொன்பது வருடமாக
நான் காவல் காக்கும் சர்வதேசச் சட்டம்
இவ்வளவுதான்.

மிரேய் ஆன்செர்மோ வந்தது ஒரு நவம்பரில்.
ஐம்பதைத் தாண்டியவள்.
நனைந்த சைக்கிள் தலைக்கவசத்தை
நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு
அறுபத்தேழு பெட்டிகளுக்குச் சீட்டு எழுதி நீட்டினாள்.
என்ன தேடுகிறீர்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை.
அவளே சொன்னாள்:
ஒரு சொல்லை.

பிடித்துச் செல்லப்பட்டவர் எங்கே இருக்கிறார் என்று
வீட்டாருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.
வரைவின் ஒன்பதாம் பிரிவில்
இருந்தது அந்த ‘உடனே’.
இருந்தது என்றால்,
சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தது.
அடைப்புக்குள் நிற்பது
எல்லோரும் இன்னும் சம்மதிக்காத சொல் என்றாள்.
விசாரணைக் கைதி மாதிரியா என்று கேட்டேன்.
சிரித்தாள். பிறகு
அதை எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் பெட்டியில் ஒரு தூதுக்குழு
உடனே என்றால் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறது.
இருபதாம் பெட்டியில் இன்னொன்று
தன் நாட்டில் தொலைபேசிக் கம்பிகள் போதாது என்கிறது.
ஒருவர் மலைகளைக் காரணம் சொன்னார்.
ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளை.
காப்பி இடைவேளை, ஒத்திவைப்பு,
மறுபடி அதே அறை, அதே சொல்.
தாளின் ஓரத்தில்
யாரோ சலித்துப்போய் வரைந்த ஒரு வாத்து.
வாத்தையும் விடாமல்
அடிக்குறிப்பில் சேர்த்தாள் மிரேய்.

ஏழு வருடம் உள்ளே கிடந்தது.
எட்டாம் வருடம் அடைப்பைத் திறந்தார்கள்.
வெளியே வந்தது வேறு ஆள்:
‘இயன்ற விரைவில்’.
கைதட்டினார்கள் என்கிறது குறிப்பேடு.
கைதட்டலுக்கு நேரம்கூடப் போட்டிருக்கிறது,
மாலை ஆறு நாற்பது.
உடன்படிக்கை பிறந்தது,
‘உடனே’ இல்லாமல்.

ஜனவரியில்தான் நாற்பத்தொன்றாம் பெட்டி.
மாநாட்டு நாற்காலிகளுக்கு வாடகை கட்டிய
ரசீதுகளின் நடுவே
வழி தவறி வந்து படுத்திருந்தது ஒரு கடிதம்.
உருகுவேயில் சால்டோ என்ற ஊர்.
எவுலாலியா பெருத்தி, தையல்காரி.
கோடு போட்ட தாள்; மேசையில் குனிந்தபடி
மெல்லிய குரலில் எனக்குப் படித்துச் சொன்னாள் மிரேய்:

“ஐயா,
என் தம்பியைக் கூட்டிப் போனபோது
அவன் கோட்டு என்னிடம் இருந்தது.
இடது பை கிழிந்திருந்தது.
தைத்துவிட்டேன்.
இங்கே குளிர் தொடங்கிவிட்டது.
எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?”

மேலே ‘கிடைத்தது’ என்று இரண்டு முத்திரை,
ஒன்றின் மேல் ஒன்று சரிந்து.
‘பதில் அனுப்பிய நாள்’ என்ற கட்டத்தில்
தாளின் நிறம்.

தேதியைப் பார்த்தோம்.
எத்தனை மணி நேரம் என்று
அந்தத் தூதுக்குழு கேட்ட அதே வாரம்.

இதைச் சரியான பெட்டிக்கு மாற்றலாமா என்றாள்.
முடியாது.
வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது
சுவரில் எழுதாத நான்காம் விதி.
அதுவும் தவிர,
எது சரியான பெட்டி?

அவளுடைய ஆய்வு அச்சில் வந்துவிட்டது.
கோட்டு ஒரு சான்று ஆகாது என்று
மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதினாராம்.
உடல் பகுதியிலிருந்து எடுத்துவிட்டாள்,
அடிக்குறிப்பு இருநூற்றுப் பன்னிரண்டில்
தொங்கவிட்டிருக்கிறாள்.
நன்றியுரையில் என் பெயரும் உண்டு,
வால்தெமார் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போய்.

நான் செய்தது இவ்வளவே.
ஒரு மாலை, விளக்கணைக்கும் முன்,
பன்னிரண்டாம் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைத்தேன்:
பார்க்க, பெட்டி நாற்பத்தொன்று,
நாற்காலி ரசீதுகள்.
பென்சிலில்தான். விதி மீறவில்லை.

இன்று காலை ஒசாகாவிலிருந்து வந்த ஒருவர்
பன்னிரண்டைக் கேட்டார்.
மதியத்துக்கு மேல் போதும் என்றார்.

உடனே எடுத்து வந்தேன்.